சமூக ஊடகமும் தமிழ் வகுப்பறையும்: ஒரு திறனாய்வு

கற்பித்தலுக்குத் துணையாகும் கருவி ஒன்று புதிதாகத் தோன்றும்போதெல்லாம் கல்வியுலகில் இருவகைக் குரல்கள் எழுவது இயல்பு. இனி எல்லாம் எளிதாகும் என்று வரவேற்பது ஒன்று. இனி எல்லாம் கெடும் என்று அஞ்சுவது மற்றொன்று. மலேசியாவில் 1972ஆம் ஆண்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. 2011ஆம் ஆண்டிற்குப் பின் ‘ஃபுரோக்’ எனப்பட்ட மெய்நிகர்க் கற்றல் தளம் பள்ளிகளுக்குள் நுழைந்தது. 2019இல் அது கைவிடப்பட்டுக் கூகுள் வகுப்பறை அதன் இடத்தைப் பெற்றது. 2020இல் கல்வி அமைச்சு ‘டெலிமா’ என்னும் தளத்தைத் திறந்தது. கருவிகள் இவ்வாறு வந்தும் போயும் கொண்டிருக்கத் தமிழாசிரியர்முன் நிற்கும் வினா ஒன்றேயாகும்: இக்கருவியினால் மாணவர் தமிழைக் கூடுதலாகக் கற்றனரா?

இவ்வினாவைச் சமூக ஊடகத்தின்பால் செலுத்துங்கால், முதலில் பொருள் வரையறை வேண்டும். முகநூல், வலையொளி, டிக்டாக், படவரி, டெலிகிராம் எனச் சமூக ஊடகங்கள் பலவாயினும், பேராக் மாநிலத் தமிழ்ப்பள்ளிகளின் அன்றாட வாழ்வில் ஊடகம் என்றால் பெரும்பாலும் புலனம் எனப்படும் வாட்ஸ்அப்பே ஆகும். அதனிலும், தொடக்கப்பள்ளி மாணவரின் ஊடகம் என்பது உண்மையில் அவர்தம் தாயின் திறன்பேசியே ஆகும். இவ்வெளிய உண்மையை மறந்து எழுதப்படும் பயிற்றியல் கட்டுரைகள் நகரத்து உயர்நிலைக் கூடங்களுக்குப் பொருந்தலாம். சுங்கை சிப்புட்டிலும் பாகான் டத்தோவிலும் பயிலும் நான்காம் ஆண்டு மாணவருக்குப் பொருந்தா.

அளவுகோல் எது?

ஒரு கருவியை மதிப்பிட அளவுகோல் ஒன்று இன்றியமையாதது. அதனை மேலைநாட்டுக் கல்வியியலில்தான் தேட வேண்டும் என்பதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதி, ஆசிரியர் இயல்பையும் மாணவர் இயல்பையும் கற்கும் முறையையும் விரிவாகப் பேசுகின்றது. ஆசிரியர் உரைத்ததை எத்துணைச் செம்மையாகக் கேட்டுக் கொண்டாலும், மாணவர் கைக்கொள்வது கால் பங்கிற்கு மேற்படாது என்பது அந்நூலார் கருத்து. உடன் பயில்வாரோடு பழகிக் கற்பதனால் மற்றொரு கால் பங்கு வந்து சேரும். எஞ்சிய அரைப் பங்கோ, தாம் கற்றதைப் பிறருக்குச் செவ்விதின் எடுத்துரைப்பதனாலேயே கைகூடும். இம்மூன்றும் சேர்ந்தபோதுதான் புலமை குற்றமற்று நிறைவு பெறும் என்று அவர் கூறுகின்றார்.

இக்கணக்கின் நுட்பம் எண்ணற்பாலது. கல்வியின் முக்கால் பங்கு ஆசிரியரின் வாய்க்கு வெளியே நிகழ்கின்றது என்பதனை ஓர் இலக்கண ஆசிரியரே ஒப்புக்கொள்கின்றார். எனவே, ஒரு கருவி ஆசிரியரின் குரலை மட்டும் பெருக்கித் தருமாயின், அஃது எத்துணைப் புதுமையுடையதாயினும் முதற் கால் பங்கிற்கே தொண்டு செய்வதாகும். உடன் பயில்வாரோடு பழகவும் பிறருக்கு எடுத்துரைக்கவும் அது வாயில் திறக்குமாயின், எஞ்சிய முக்கால் பங்கிற்கும் துணையாகும். சமூக ஊடகத்தைத் தமிழ் கற்பித்தலில் மதிப்பிட இதனினும் நேரிய அளவுகோல் வேறில்லை.

நாளிதழில் நடந்த வகுப்பு

வகுப்பறைக்கு வெளியே, முகம் காணாதார் ஒருவருக்கொருவர் எழுதித் தமிழ் கற்ற வரலாறு இந்நாட்டிற்குப் புதிதன்று. திறன்பேசி தோன்றுவதற்கு அரை நூற்றாண்டிற்கு முன்பே அது நிகழ்ந்திருக்கின்றது. 1924இல் கோலாலம்பூரில் தோன்றிய தமிழ் நேசன் நாளிதழில், 1950ஆம் ஆண்டை ஒட்டிச் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ ஒன்றை நடத்தினர். சிறுகதை எழுதும் முறை நாளிதழ் வழியாகவே பாடமாக்கப்பட்டது. எழுத முன்வந்தாருடைய படைப்புகள் மதிப்பிடப்பெற்றன. மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றை எழுதுவோர் இவ்வகுப்பைத் தவறாது குறிப்பிடுவர். 1952 முதல் 1957 வரை அவ்விதழில் பணியாற்றிய கு. அழகிரிசாமி, கோலாலம்பூரில் இளம் எழுத்தாளர்களை ஒன்றுகூட்டி இலக்கிய வட்டம் நடத்தியதும் இதனோடு சேர்த்து எண்ணத் தக்கது.

மாணவரைப் பொறுத்தவரை, கோ. சாரங்கபாணி 1935இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசு ஆற்றிய பணி தனிச்சிறப்புடையது. 1950களில் அவ்விதழ் மாணவர்க்கெனத் திறந்த மணிமன்றப் பகுதி, தோட்டப்புறப் பிள்ளைகளின் எழுத்தை அச்சில் ஏற்றியது. அப்பகுதி நாளடைவில் ஏட்டின் எல்லையைக் கடந்து ஊர்தோறும் மன்றங்களாக வளர்ந்தது. தமிழ் இளைஞர் மணிமன்றம் என்னும் அமைப்பு அதன் கிளையில் மலர்ந்ததேயாகும்.

இவ்விரு முயற்சிகளும் வெற்றி பெற்றதன் காரணம் யாது? அச்சு என்னும் கருவியின் பெருமையென்று மட்டும் கூறுதல் பொருந்தாது. மூன்று கூறுகள் அவற்றில் ஒருங்கே அமைந்திருந்தன. முதலாவது, எழுதுபவருக்குத் தம் ஆசிரியரல்லாத ஒரு வாசகர் கிடைத்தார். ரப்பர்த் தோட்டத்து லயத்தில் இருந்து எழுதிய சிறுவனின் வரிகளை ஈப்போவிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் உள்ள சிறுவர்கள் படித்தனர். இரண்டாவது, இடையில் ஒரு பதிப்பாசிரியர் இருந்தார், வந்ததெல்லாம் அச்சேறவில்லை. பிழை களையப்பட்ட வடிவத்தைத் தம் கையெழுத்துப் படியோடு ஒப்பிட்டுப் பார்த்த மாணவர், திருத்தத்தின் காரணத்தைத் தாமே உணர்ந்தனர். மூன்றாவது, காலம் தாழ்ந்தது. அனுப்பியதற்கும் அச்சில் காண்பதற்கும் இடையிலான நாள்களில் எழுதியவர் தம் எழுத்தை நினைந்துகொண்டிருந்தார். நன்னூலார் கூறும் ‘கேட்டவற்றை மீண்டும் நினைத்தல்’ அந்த இடைவெளியில் நிகழ்ந்தது.

வாசகர், திருத்துவார், இடைவெளி என்னும் இம்மூன்றையும் உளங்கொண்டு இன்றைய நடைமுறையை நோக்குதல் வேண்டும்.

பேராக்கின் பள்ளிகளும் அவற்றின் தனிமையும்

தமிழ்ப்பள்ளிகளின் எண்ணிக்கையில் மலேசிய மாநிலங்களுள் முதலிடம் வகிப்பது பேராக். 130க்கும் மேற்பட்ட பள்ளிகள் அங்குள்ளன. இவற்றுட் பல, தோட்டத்தின் வயிற்றில் பிறந்தவை. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்கள் மாநிலமெங்கும் பரவியபோது, அம்மரங்களைச் சீவ வந்த தமிழரின் பிள்ளைகளுக்காகத் தோட்டந்தோறும் பள்ளி எழுந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்பது 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் விதியாகும்.

அத்தோட்டங்கள் பின்னர்த் துண்டாடப்பட்டன; ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நின்றது; லயங்கள் ஆளின்றி வெறுமையுற்றன. மக்கள் ஈப்போ, தைப்பிங், தெலுக் இந்தான் முதலிய நகரங்களை ஒட்டிய தாமான்களில் குடியேறினர். பள்ளிகளோ சில பழைய இடத்திலேயே நின்றன. சில புதிய இடத்திற்குப் பெயர்ந்தும் பழைய தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. மொத்தம் 150க்கும் குறைந்த மாணவரைக் கொண்ட பள்ளி ‘குறைந்த மாணவர் பள்ளி’ என வகைப்படுத்தப்படுகின்றது. பேராக்கின் தோட்டப் பள்ளிகளிற் பல இவ்வகையைச் சார்ந்தவை. ஒரு வகுப்பில் ஆறு பேர், எட்டுப் பேர் என்னும் நிலையும் அங்கு அரிதன்று.

இந்நிலையின் மொழியியல் விளைவைப் பலர் கருதுவதில்லை. எட்டே மாணவர் உள்ள வகுப்பில் ஆசிரியரின் கவனம் நன்கு கிட்டும் என்பது உண்மை. ஆயினும், முதலாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை அதே எட்டுப் பேரின் கட்டுரைகளையே கேட்டு வளரும் மாணவருக்கு உடன் பயில்வாரின் வட்டம் மிகக் குறுகிவிடுகின்றது. எல்லாரும் அறிந்த திடலையும் எல்லாரும் அறிந்த கோயில் திருவிழாவையும் எல்லாரும் அறிந்தாருக்கே எழுதும்போது, விளக்கி எழுத வேண்டும் என்னும் தேவையே எழாது. விளக்கவுரை, வருணனை, வாதம் ஆகிய எழுத்து வகைகள் அறியாத வாசகரை வேண்டி நிற்பவை. அவ்வாசகரைத் தோட்டப் பள்ளிக்குக் கொணரும் ஆற்றல் சமூக ஊடகத்திற்கு உண்டு. அதன் உண்மையான பயன் இங்கேதான் தொடங்குகின்றது.

பெருந்தொற்று கற்பித்த பாடம்

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, ஆசிரியர்கள் ஓரிரு நாளில் ஊடகத்தை நாட வேண்டியவராயினர். ஆயத்தமின்றி நிகழ்ந்த அம்மாற்றத்தில் புலனக் குழுவே வகுப்பறையாயிற்று. கல்வி அமைச்சு அக்காலத்தில் நடத்திய ஆய்வு ஒன்று, 36.9 விழுக்காட்டு மாணவரிடம் எவ்வகை மின்கருவியும் இல்லை என்று காட்டியது. ஒரே திறன்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட வீடுகளும், தந்தை வேலை முடித்து வந்த பின்னரே பாடத்தைக் காண முடிந்த வீடுகளும் பல. அந்நாள்களில் ஆசிரியர்கள் ஆற்றிய தொண்டு போற்றற்குரியது.

ஆயினும், நெருக்கடியில் பிறந்த பழக்கம் நெருக்கடி நீங்கிய பின்னும் முறையாகவே நிலைத்துவிட்டதைக் குறித்து ஆராய வேண்டியுள்ளது. இன்று பல வகுப்புகளின் புலனக் குழுவைத் திறந்து நோக்கினால் காணக் கிடைப்பவை யாவை? பயிற்சித்தாளின் படம், அதனை முடித்து அனுப்பிய ஏட்டின் படம், ‘நன்று’ என்னும் ஒரு சொல் அல்லது கட்டை விரல் குறி, நாளைய சீருடை பற்றிய அறிவிப்பு, பண்டிகை வாழ்த்து. 2021ஆம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டு வகுப்பறை மதிப்பீடு முதன்மை பெற்ற பின்னும், பழைய தேர்வு வகைப் பயிற்சித்தாள்களே குழுவுக்குக் குழு கைமாறிக்கொண்டிருக்கின்றன. கரும்பலகையும் வீட்டுப்பாட ஏடும் செய்த பணியைத் திறன்பேசி செய்கின்றது, அவ்வளவே. நன்னூலாரின் கணக்கில் இஃது முதற் கால் பங்கைத் தாண்டவில்லை.

குறைகள் மூன்று

இன்றைய நடைமுறையின் குறைகளை மூன்றாக வகுத்துக் காணலாம்.

முதற் குறை, கிளித்தன்மை. நன்னூல் மாணவரை மூவகைப்படுத்தி உவமை கூறுமிடத்து, சொன்னதைச் சொல்லும் கிளியை இடைநிலை மாணவருக்கு உவமையாக்குகின்றது. வந்த செய்தியை அவ்வாறே பிறருக்கு அனுப்புதல் சமூக ஊடகத்தின் மிக எளிய செயல். அதனை நாளும் பழகும் மாணவர், தமிழில் ஒரு வாக்கியத்தையேனும் தாமே ஆக்காமல் நாள் முழுதும் தமிழில் ‘பங்கேற்று’ விடலாம். மற்றோர் உவமையும் இங்கு நினைவிற்குரியது. நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டைத் தன்பால் நிறுத்திக்கொள்ளும் நெய்யரியைக் கடைநிலை மாணவருக்கு உவமையாக அந்நூல் காட்டும். ஒழுங்குபடுத்தப்படாத குழுவில் நல்ல கட்டுரை ஒன்று வாழ்த்துப் படங்களுக்கு இடையே ஓரிரு மணி நேரத்தில் மறைந்தொழிய, வேடிக்கைப் படமே நினைவில் தங்குகின்றது.

இரண்டாம் குறை, எழுத்துருவைப் பற்றியது. தமிழை உரோமன் எழுத்தில் எழுதும் வழக்கம் இளையோரிடம் வேரூன்றிவிட்டது. பெற்றோர் பலரும் ஆசிரியருக்கு அவ்வாறே எழுதுகின்றனர். அவ்வெழுத்தில் வலி, வளி, வழி என்னும் மூன்று சொற்களும் ஒரே கோலம் பூண்டு நிற்கும். பள்ளிக்கும் பல்லிக்கும் வேற்றுமை தோன்றாது. லகர ளகர ழகர வேறுபாடும், ரகர றகர வேறுபாடும், நகர னகர ணகர வேறுபாடும் கண்ணுக்குப் புலனாகாமற் போனபின், அவை காதிற்கும் நாவிற்கும் நெடுநாள் நில்லா. கருவி இல்லை என்று இதற்குக் காரணம் கூறுதல் இயலாது. மலேசியரான முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு அஞ்சல் வழியாகக் கணினியில் தமிழை எழுத வழி வகுத்தார். 2005இல் வெளியீடு கண்ட அவருடைய செல்லினம் கைப்பேசியிலும் தமிழை எழுதச் செய்தது. இன்று ஏறத்தாழ எல்லாத் திறன்பேசிகளிலும் தமிழ் விசைப்பலகை உள்ளது. குறை பழக்கத்திலேயே இருக்கின்றது.

இங்கு மறுபக்கத்தையும் கூறுதல் நேர்மை. விசைப்பலகை முழுச் சொல்லையும் முன்கூட்டியே காட்டித் தருவதனால், மாணவர் எழுத்துக்கூட்டாமலே சொல்லைத் தொட்டுத் தேர்ந்துகொள்கின்றனர். பிழையற்ற செய்தி அனுப்பும் மாணவரே கையால் எழுதும்போது ஒற்றுப் பிழையும் குறில் நெடில் மயக்கமும் மலியக் காண்பது இதனாலேயே ஆகும். ஆகவே, தொடக்கப்பள்ளியளவில் ஏட்டில் எழுதுதலே முதலாகவும், தட்டச்சு அதன்பின் வருவதாகவும் அமைதல் தக்கது.

மூன்றாம் குறை, திருத்தம் இழந்த பாராட்டு. விருப்பக் குறிகளின் எண்ணிக்கை எழுத்தின் தரத்தைக் காட்டாது. ‘அருமை’, ‘சிறப்பு’ என்னும் சொற்கள் மலிந்த இடத்தில் மாணவர் தம் கட்டுரையின் எந்தத் தொடர் சிறந்தது, எது சிதைந்தது என்பதனை அறியார். மறுபுறம், அறுபது பெற்றோர் காணும் குழுவில் ஒரு பிள்ளையின் பிழையைச் சுட்டுவது அப்பிள்ளையைக் கூசவைக்கும். மணிமன்றப் பகுதியின் பதிப்பாசிரியர் பிழையைத் தனியே களைந்து செம்மையான வடிவத்தையே பலர்முன் வைத்தார். இன்றைய குழுவிலோ வரிசை தலைகீழாகிவிட்டது. திருந்தாதது பலர்முன் வருகின்றது, திருத்தமோ வருவதேயில்லை.

குரலின் வலிமை

குறைகளை இவ்வளவு கூறியபின், சமூக ஊடகம் தமிழுக்குத் தரவல்ல தனிப்பயன் ஒன்றையும் வலியுறுத்த வேண்டும். அது குரல் பதிவாகும். தமிழ் இருவழக்கு மொழி. பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் அதில் வேறு வேறு. 2011 முதல் நடைமுறைக்கு வந்த தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் கேட்டலுக்கும் பேச்சுக்கும் தனியிடம் அளித்துள்ளது. எனினும், ஒலியை நிறுத்தி மீண்டும் கேட்கும் வாய்ப்பு வகுப்பறையில் அரிதாயிருந்தது. குரல் பதிவு அதனைத் தருகின்றது. தம் ழகரத்தைத் தாமே கேட்டு, நாணி, மீண்டும் பதிவு செய்யும் மாணவருக்கு ஆசிரியர் வேறொன்றும் கூறவேண்டுவதில்லை.

இதனைப் பேராக்கின் தோட்டப்புற வாழ்வோடு இணைக்கும் பயிற்சி ஒன்றை இங்குச் சான்றாகக் காட்டலாம். ஐந்தாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் தோட்டத்தில் வாழ்ந்த தம் பாட்டியிடமோ தாத்தாவிடமோ ஒரு சொல்லைப் பற்றி வினவி, இரண்டு நிமிட அளவில் குரல் பதிவு செய்து வர வேண்டும். பெரட்டு, நிரை, மங்கு, காண்டா, ஒட்டுப்பால், கட்டிப்பால், தீம்பார், ஆயாக்கொட்டகை, கிராணி, தண்டல் என்னும் சொற்களுள் ஒன்றாக அஃது இருக்கலாம். ஒரு பாட்டி இவ்வாறு கூறுவதாகக் கொள்வோம்: “விடியக்காலம் நாலு மணிக்கெல்லாம் எந்திரிச்சிப் பெரட்டுக்குப் போவோம். மழ பேஞ்சா மரம் வெட்ட முடியாது.”

வகுப்பில் அப்பதிவைக் கேட்ட மாணவர் முதலில் சொல்லியவாறே எழுதுவர், பின்னர் எழுத்து வழக்கிற்கு மாற்றுவர்: “விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து பெரட்டுக்குச் செல்வோம். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது.” இவ்விரு வரிகளில் அடங்கியுள்ள இலக்கணம் சிறிதன்று. ‘எந்திரிச்சி’ என்பது ‘எழுந்து’ என்னும் வினையெச்சமாகின்றது. ‘பேஞ்சா’ என்பது ‘பெய்தால்’ என்னும் நிபந்தனை எச்சமாகின்றது. ‘மழ’ தன் ஐகாரத்தை மீளப் பெறுகின்றது. ‘மரம் வெட்டுதல்’ என்பது தோட்ட வழக்கில் பால் வடியப் பட்டையைச் சீவுதலைக் குறிக்குமேயன்றி, மரத்தை வீழ்த்துதலைக் குறிக்காது என்னும் பொருள் வேறுபாடும் வெளிப்படுகின்றது. மழை நாளில் பட்டை நனைந்துவிடுவதால் மரம் வெட்ட இயலாது என்னும் தொழில் நுணுக்கத்தை விளக்கி எழுதும்போது, காரண காரியத் தொடரமைப்பும் பயிலப்படுகின்றது.

அவ்வெழுத்தைப் பக்கத்து மாணவர் படித்துத் திருத்துவார். அது நன்னூலார் கூறும் இரண்டாம் கால் பங்கு. செம்மை பெற்ற பத்தியை மாணவர் தம் குரலில் வாசித்து, அப்பதிவை வேறொரு தோட்டப் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு வகுப்பிற்கு ஆசிரியர் வழி அனுப்புவார். அங்குள்ள பிள்ளைகள் ‘நிரை என்றால் என்ன?’, ‘எங்கள் பாட்டி அதை வேறு பெயரால் சொல்கிறாரே?’ என வினவி விடுக்கும் பதிவுகளுக்கு விடையும் கூறுவார். பிறருக்கு எடுத்துரைத்தலாகிய அரைப் பங்கு அங்கே நிறைவேறுகின்றது. பதிவின் படியொன்று வீட்டுக் குழுவிற்குச் செல்லும்போது, பாட்டி தம் சொல் செந்தமிழில் ஒலிக்கக் கேட்பார். ரப்பர் மரங்களோடு வழக்கொழியும் சொற்கள் ஓர் ஏட்டிலேனும் எஞ்சுவதற்கும் இது வழியாகும்.

இப்பயிற்சியில் ஆசிரியரின் உழைப்பையும் கணக்கிட வேண்டும். இருபத்தைந்து மாணவரின் இரண்டு நிமிடப் பதிவுகளைக் கேட்க ஐம்பது நிமிடம் வேண்டும். தொடக்கப்பள்ளியின் ஒரு பாடவேளையோ முப்பது நிமிடமே. ஆதலால் எல்லாப் பதிவுகளையும் ஆசிரியர் ஒருவரே கேட்டல் ஆகாது. வாரத்திற்கு ஐவர் என வகுத்துக்கொண்டு, ஏனையவற்றை மாணவர் இருவர் இருவராகக் கேட்டுக் குறிப்பெழுதச் செய்தலே நடைமுறைக்கு ஏற்றது. மாணவர் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவருதல் கூடாது என்பது விதியாதலின், பதிவு வீட்டிலும் கேட்டல் பள்ளிக் கணினியிலும் நிகழ வேண்டும்.

வகுப்பும் வயதும்

இனிக் கூறப்போவது இப்பொருளின் நடுநாடி எனலாம். புலனத்தின் விதிப்படி அதில் கணக்கு வைத்திருக்கப் பதின்மூன்று வயது நிரம்பியிருக்க வேண்டும். முகநூலும் டிக்டாக்கும் அவ்வாறே. தமிழ்ப்பள்ளி மாணவரின் வயது ஏழு முதல் பன்னிரண்டு வரை. பதினாறு வயதிற்கு உட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை 2026 முதல் தடுப்பதென மலேசிய அரசும் 2025 நவம்பரில் அறிவித்தது. இயங்கலைப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி 1ஆம் நாள் நடப்புக்கு வந்தது. பிள்ளைகளின் நலன் கருதிய இவ்வரம்புகளைத் தமிழாசிரியர் மதித்தொழுக வேண்டுமேயன்றி, மொழிப்பற்றின் பெயரால் மீறுதல் கூடாது.

மறுபுறம், ஆறாம் ஆண்டை முடித்த மாணவர் இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றனர். அங்குத் தமிழ் பயிற்றுமொழி அன்று. பதினைந்து மாணவரின் பெற்றோரேனும் கேட்டாலன்றித் தாய்மொழி வகுப்பு அமைவதில்லை. அமைந்தவிடத்தும் வாரத்திற்குச் சில பாடவேளைகளே. சிலவிடத்துப் பள்ளி நேரத்திற்குப் பின்னரே. தோட்டப் பள்ளி எட்டு மாணவரை வெவ்வேறு இடைநிலைப்பள்ளிகளுக்கு அனுப்பும்போது, அந்தப் பதினைவரைத் திரட்டுவதே அரிதாகிவிடுகின்றது. தமிழ் வகுப்பு உள்ள பருவத்தில் கைப்பேசி இல்லை. கைப்பேசி கிட்டும் பருவத்தில் தமிழ் வகுப்பு இல்லை. ஊடகத்தைத் தமிழ் கற்றலுக்குப் பயன்படுத்துவது பற்றிப் பேசுவோர் இம்முரணைக் காணாது செல்வாராயின், அவர்தம் திட்டங்கள் காகிதத்தோடு நின்றுவிடும்.

எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியையும் தமிழ் இலக்கியத்தையும் எடுப்பதற்கு முன் உள்ள ஐந்தாண்டுகளில்தான் பெரும்பாலான மாணவர் தமிழெழுத்தின் பயிற்சியை இழக்கின்றனர். பதின்மூன்று வயதிலேயே கைவிடப்பட்ட எழுத்துப் பழக்கம் பதினேழு வயதில் தேர்வுக்கென மீள்வதில்லை. ஆகையால், சமூக ஊடகத்தின் பணி இடமறிந்து இருவகையாக வகுக்கப்படல் வேண்டும். தொடக்கப்பள்ளியில் அது குடும்பத்தின் கருவியாக, பெற்றோரின் திறன்பேசி வழியாக, குரலுக்கும் கேள்விக்கும் பயன்படட்டும். இடைநிலைப் பருவத்தில், தான் பயின்ற தமிழ்ப்பள்ளியோடு மாணவரைத் தொடர்ந்து பிணைக்கும் பாலமாக அது அமையட்டும். சட்டம் இடங்கொடுக்கும் வயதுவரை அப்பாலம் பெற்றோர் கணக்கின் வழியிலும், பள்ளிகளுக்கென அமைந்த டெலிமா போன்ற தளங்களின் வழியிலும் நிற்க முடியும்.

அப்பாலத்தின் மறுகரையில் வாசகராக நிற்கத் தகுதியுடையோரும் பேராக்கிலேயே உள்ளனர். தஞ்சோங் மாலிமில் 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தோன்றி, இன்று சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக விளங்கும் நிறுவனத்தில் தமிழாசிரியராகப் பயில்வோர் உளர். முதலாம் படிவ மாணவர் மாதம் ஒருமுறை எழுதும் ஒரு பக்கத்தை அத்தகைய பயிற்சி ஆசிரியர் ஒருவர் படித்து, இரண்டு பிழைகளையும் ஒரு நல்ல தொடரையும் சுட்டித் தனியே திருப்பி அனுப்புவாராயின், கதை வகுப்பின் மூன்று கூறுகளும் மீளக் கிட்டும். மாணவருக்கு வாசகர் கிடைப்பார், திருத்துவார் கிடைப்பார், மாதம் என்னும் இடைவெளியும் கிடைக்கும். பயிற்சி ஆசிரியருக்கோ பிறர் எழுத்தைத் திருத்தும் கலை கைவரும்.

ஆசிரியர் கைக்கொள்ள வேண்டுவன

இவற்றினின்றும் சில நெறிகள் தெளிவாகின்றன. அறிவிப்புக்கு ஒரு குழுவும் கற்றலுக்கு வேறொரு குழுவும் வேண்டும். இரண்டும் கலந்தால் கற்றலே தோற்கும். கற்றற் குழுவில் தமிழ் எழுத்தே வழங்கட்டும். பெற்றோருக்குத் தமிழ் விசைப்பலகையை நிறுவக் கற்பிக்கும் ஒரு மாலைப்பொழுது வீணாகாது. பிழையைத் தனியே திருத்துக. செம்மையானதைப் பலர்முன் வைக்க. பிள்ளைகளின் முகத்தையும் முழுப்பெயரையும் பொதுவெளியில் இடாது குரலையும் எழுத்தையும் மட்டும் பெற்றோர் ஒப்புதலுடன் பகிர்க. மாலைக்குப் பின் ஆசிரியரின் திறன்பேசி ஓய்வு பெறுவதும் கற்பித்தலின் நலத்திற்கே ஆகும். கருவியில்லாத மாணவர் ஒருவரேனும் இருப்பின், பள்ளிக் கணினியில் அவருக்கென நேரம் ஒதுக்கப்படல் வேண்டும்.

தமிழ் நேசன் 2019ஆம் ஆண்டு சனவரியோடு நின்றுபோயிற்று. கதை வகுப்பை நடத்திய கருவி மறைந்தது. அவ்வகுப்பில் எழுதப் பழகியோரின் கதைகள் நிலைத்தன. இன்றைய ஊடகங்களும் ஒரு நாள் மறையும். அவற்றின் பெயர்களைக்கூட வருங்கால மாணவர் அறியாமற் போகலாம். எனவே, ஒரு வகுப்பு எத்தனை செயலிகளைக் கையாண்டது என்பதைக் கணக்கிடுதல் பயனற்றது. ஆண்டிறுதியில் ஒவ்வொரு மாணவரும் தம் ஆசிரியரல்லாத ஒருவர் படிக்கும்பொருட்டு எழுதிய பக்கங்கள் எத்தனை, அவற்றுள் திருத்தம் பெற்று மீண்டும் எழுதப்பட்டவை எத்தனை என்பதே கேட்கத் தக்க கேள்வி. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரும் பாடத்துறைத் தலைவரும் தத்தம் பள்ளிக் குழுக்களைத் திறந்து இக்கேள்வியை எழுப்பிப் பார்ப்பார்களாக.